எலிகளுக்குப் பெருங்காயம், அப்பாவுக்கும்

விடுதியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. பெருங்காயம் என்றால் நான். சட்டை, புத்தகம், தலையணை, தலைமுடி, எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். மெஸ்ஸில் நான் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன், "ரசத்துல தனியா எதுவும் போட வேணாம்யா, ஆளே வந்துட்டான்" என்பான். நான் கவலைப்பட்டதில்லை. அந்த வயசில் எனக்கு எதற்கும் கவலை கிடையாது. விலங்கியலில் முதல் மூன்று பேரில் ஒருவன், டென்னிஸ் சுமாராக ஆடுவேன், சண்டை வந்தால் இங்கிலீஷில் போடுவேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சிதம்பரத்தில் எங்கள் லெக்சரர் ஒருவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மிளகு முடிந்தது, வெந்தயம் முடிந்தது. பெருங்காயத்தின் முறை வந்தபோது நான் மாட்டிக்கொண்டேன். மாட்டினேன் என்று சொல்வது பொய். நானே போய்க் கேட்டு வாங்கினேன். வெள்ளை எலிகளுக்குப் பெருங்காயம் கொடுத்தால் அதுகளின் ஞாபகசக்தி கூடுகிறதா? இதுதான் கேள்வி.

கள்ளிப்பெட்டிப் பலகையில் ஆசாரி இரண்டு பெட்டிகள் அடித்துக் கொடுத்தார். உள்ளே சந்து சந்தாகத் தடுப்பு. ஒரு கோடியில் எலியை விட்டால், சரியான சந்துகளில் திரும்பித் திரும்பி மறுகோடிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே பொட்டுக்கடலை இருக்கும். நாங்கள் அதைச் சந்துப்பெட்டி என்று கூப்பிட்டோம். ஒரு பெட்டி சும்மா எலிகளுக்கு, இன்னொன்று பெருங்காய எலிகளுக்கு. காலையில் சும்மா எலிகளை ஓடவிட்டு முடித்துவிடுவேன். அப்புறம் கீழவீதிக் கடையில் வாங்கிய கட்டிப் பெருங்காயத்தைக் கொட்டாங்கச்சியில் போட்டு, வீட்டில் கரைக்கிற மாதிரியே விரலால் தேய்த்துக் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் ஒவ்வொன்றின் வாயிலும் சொட்டுச் சொட்டாக விடுவேன். பிறகு அதுகளின் ஓட்டம்.

புது எலியைப் பெட்டியில் விட்டால் அது வாசலிலேயே உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருக்கும். "தானா போற வரைக்கும் காத்துக்கிட்டு இரு" என்று லெக்சரர் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை ஏது? ஆள்காட்டி விரலைச் சந்துக்குள் விட்டு, இப்படிப் போ, இங்கே திரும்பு என்று தரைப் பலகையில் கோடு இழுத்துக் காட்டுவேன். பிள்ளையைப் படிக்க வைக்கிற முதல் நாள் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. கை அதுவாகப் போயிற்று.

பெருங்காய எலிகள் பிய்த்துக்கொண்டு ஓடின. சும்மா எலிகள் முட்டுச்சந்துகளில் முழித்துக்கொண்டிருந்தபோது இதுகள் ஒரு திருப்பத்தில்கூடத் தயங்காமல் போய்ப் பொட்டுக்கடலையைக் கடித்தன. லெக்சரர் ஸ்டாப்வாட்சை இரண்டு தரம் பார்த்தார். நான் அன்று வடக்குவீதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிள் விட்டேன்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் ரங்கூனில் ஒரு மரக்கடையில் குமாஸ்தா. கல்யாணமாகி எட்டு மாதம் அண்ணியோடு எங்கள் செம்மண்டலம் வீட்டில் இருந்தான். போய் வீடு பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று கப்பல் ஏறினான். ஜப்பான்காரன் குண்டு போட்டான். ரங்கூனில் இருந்த நம் ஆட்கள் காட்டையும் மலையையும் தாண்டிக் கால்நடையாக வந்துகொண்டிருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அண்ணனின் கடிதம் நின்றுபோயிற்று.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம், எங்கள் ஊர்ப் பழைய டவுன் துறைமுகத்தில் குடோன் மேஸ்திரியாக இருந்த என் அப்பாவைத் தேடி ஓர் ஆள் வந்தான். தாடி, தோளில் ஒரு கம்பளி. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவன். இதெல்லாம் குடோன் காவல்காரர் பின்னால் சொன்னது. இரண்டு பேரும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். அப்புறம் அந்த ஆள் எழுந்து போய்விட்டான். என்ன பேர், எந்த ஊர், எந்தப் பக்கம் போனான், காவல்காரருக்குத் தெரியாது. அப்பா அந்த வெயிலில் செம்மண்டலம் வரைக்கும் நடந்தே வந்தார். வாசலில் அண்ணி நின்றிருக்கிறாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. அப்பறம் சொல்றேன்" என்றாராம்.

தண்ணீரைக் குடித்தார். படுத்தார். அன்று பிடித்த காய்ச்சல் மூன்று வாரம் விடவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது அந்த மாதம் முழுவதும் அவரிடம் இல்லை. பழசெல்லாம் இருந்தது. எங்கள் அம்மா செத்த நாளில் பெய்த மழை, தன் முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு, எல்லாம் இருந்தது. கம்பளிக்காரன் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததும் எதுவும் தங்கவில்லை, காலையில் சொன்னது மத்தியானம் போய்விடும். சாயங்காலம் ஆனால், "ரங்கூன் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்று அண்ணி சொல்வாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "அவன் எலயப் போடும்மா, கை கால் கழுவிட்டு வருவான்" என்பார். அண்ணி நாலாவது இலையைப் போடுவாள். மூன்று பேர் சாப்பிடுவோம். அந்த இலையைத் தாண்டி யாரும் கை நீட்டிக் குழம்பை எடுக்க மாட்டோம், சுற்றிப் போய்த்தான் எடுப்போம்.

அண்ணியின் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. இரண்டும் இருக்கலாமா கூடாதா என்கிற பதில் அப்பாவின் தலைக்குள் இருந்தது. அப்பாவால் அதை எடுக்க முடியவில்லை.

நான் எலிகளால் பேர் வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு சனிக்கிழமை, அண்ணியின் அண்ணன் குமராட்சியிலிருந்து வந்தார். நானும் அவரும் பரஸ்பரம் மச்சான் போட்டுக்கொள்வோம். நெல் விவசாயி. கொள்ளிடம் வீட்டுக்குள் வந்தால்கூடக் கட்டிலைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டுச் சிரிக்கிற மனுஷன்.

"இன்னா மச்சான், காலேஜ்ல எலி மேய்க்கிறியாமே?"

"மேய்க்கல மச்சான். படிக்க வைக்கிறேன்."

"எங்க வயல்லேர்ந்து நாலு மூட்ட அனுப்பட்டுமா? எல்லாம் படிச்ச எலி. களத்துக்கு வழி நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல."

சிரித்தோம். அண்ணி காபி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"மச்சான், நானும் எத்தினி நாளு பாக்கறது? அவ எட்டாவது பாஸ் பண்ணவ. எங்க ஊரு கோயில் பெரியவரு தெரிஞ்சவரு, டீச்சர் டிரெயினிங்ல சேத்து விடறேன்னு சொல்றாரு. புருஷன் இருக்கான்னா அவ இங்கயே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. இல்லன்னா செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு நான் கூட்டிக்கிட்டுப் போறேன். இப்படி நடுவுல எத்தினி வருஷம் நிப்பா?"

"அப்பாவுக்கு ஞாபகம் வரட்டும் மச்சான்."

"அவருக்கு எங்க வரப்போவுது?"

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தபோது பொட்டலத்தை எடுத்து வைத்தேன். நல்ல பெருங்காயம், கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அப்பாவின் மோரில், ரசத்தில், எல்லாவற்றிலும் ஜாஸ்தியாகப் போடச் சொன்னேன். எலிக் கதையையும் சொன்னேன்.

"எலிக்கு எதப் பத்தி தம்பி ஞாபகம் வந்துச்சு?"

"பொட்டுக்கடல எங்க இருக்குதுன்னு."

அண்ணி சிரிக்கவில்லை. பொட்டலத்தை மோந்து பார்த்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயசுதான் கூட இருக்கும்.

"ஞாபகம் வந்தா இன்னா சொல்லுவாரு?"

"தெரியல அண்ணி."

"எதுவா இருந்தாலும் சரி. போடறேன்" என்று சொல்லிவிட்டு அரிசியைத் திரும்பவும் களைய ஆரம்பித்தாள். களைந்த அரிசியை இன்னும் இரண்டு தரம் களைந்தாள்.

அதிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாசஞ்சரைப் பிடித்துத் திருப்பாப்புலியூரில் இறங்கி, கெடிலம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடப்பேன். சாயங்காலம் அப்பா சாய்வு நாற்காலியில், நான் கீழே பாயில், மடியில் ஒரு நோட்டு. எலிக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன். இடப்பக்கம் என் கேள்வி, வலப்பக்கம் அவர் பதில்.

"அப்பா, குடோனுக்கு ஒரு ஆள் வந்தாராமே? தாடி வச்சிருந்தாராம்."

"எந்த ஆளு?"

"பர்மாலேர்ந்து நடந்து வந்தவரு. தோள்ல கம்பளி போட்டிருந்தாராம்."

"கம்பளியா? இந்த வெயில்லயா? பைத்தியக்காரனா இருப்பான்."

முதல் வாரம் இவ்வளவுதான். இரண்டாவது வாரமும் இதையே கேட்டேன். மூன்றாவது வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன் அப்பா, "அந்தக் கம்பளிக்காரன்" என்றார்.

நோட்டைக் கீழே போட்டுவிட்டேன். "யாருப்பா?"

"அதான், குடோனுக்கு வந்தானே. தாடி வச்சிக்கிட்டு."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அண்ணி நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் வளையல் சத்தம் நின்றிருந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பல மாதமாக இந்த வீட்டில் அவர் சொன்ன எதற்கும் யாரும் இப்படிக் காது கொடுத்ததில்லை.

அப்புறம் வேகம்தான். எதைத் தாண்டி வந்தார்களாம், மலையா ஆறா என்று கேட்டேன். ஆறு என்றார். ஆற்றங்கரையில் படுத்தார்களா என்று கேட்டேன். படுத்தார்கள் என்றார். நிலா வெளிச்சமா என்று கேட்டேன். பால் மாதிரி நிலா என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"காலையில அண்ணன் எந்திரிச்சானாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை அவர் நிதானமாகப் படித்தார்.

"எந்திரிக்கல" என்றார்.

உள்ளே எதுவும் விழவில்லை, உடையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ரங்கூன் கடுதாசி வந்துச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மற்றதெல்லாம் மறந்துபோகும், இது மட்டும் மறக்காது. ஒரு ஆள் வந்தான், கம்பளி போட்டிருந்தான், ஆற்றங்கரையில் படுத்தார்கள், பால் மாதிரி நிலா, காலையில் எழுந்திருக்கவில்லை. எங்கும் தடுமாற மாட்டார். கம்பளிக்காரன் எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆளாகக் குடியேறிவிட்டான். எனக்கே அவன் தெரிய ஆரம்பித்தான். சிதம்பரம் ஸ்டேஷனில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாராவது தோளில் போர்வையோடு நின்றால் அவன்தான் என்று ஓடுவேன். கிட்டே போனால் வேறு யாரோ. ஒரு தரம் ரயில் நகர்ந்த பிறகு பரங்கிப்பேட்டை பிளாட்பாரத்தில் ஒருத்தனைப் பார்த்தேன். தாடி இருந்தது. அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மச்சான் வந்து கதையைக் கேட்டார். மூன்று தரம் கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டி, பால் மாதிரி நிலா என்றால் பௌர்ணமி, அது பங்குனிப் பௌர்ணமியாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார். வருகிற அமாவாசையில் கெடிலம் கரையில் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்.

"இன்னாம்மா சொல்ற?" என்று தங்கையிடம் கேட்டார்.

"சரிண்ணே" என்றாள் அண்ணி. நான் அவளைப் பார்க்கவில்லை. பெரிய காரியம் சாதித்துவிட்ட மாதிரியும் இருந்தது, ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது திங்கட்கிழமை காலேஜுக்குப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐப்பசி மழை கொட்டியிருந்தது. லாப் கூரை ஒழுகி, பெருங்காய எலிகளின் சந்துப்பெட்டியில் தண்ணீர் நின்றிருக்கிறது. லெக்சரர் அதைக் கொட்டச் சொல்லி, பலகையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, காற்றாடக் காயவைத்திருந்தார். நான் வழக்கம்போல் எலிகளுக்குப் பெருங்காயத் தண்ணீர் ஊட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு முதல் எலியை விட்டேன். பழகின எலிதானே, இனி விரல் எதற்கு?

அது வாசலில் உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. எழுந்து முட்டுச்சந்தில் போய் நின்றது. திரும்பியது. இன்னொரு முட்டுச்சந்து. அடுத்த எலியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சும்மா எலிகள் எவ்வளவோ தேவலை.

லெக்சரர் குனிந்து பலகையை மோந்தார். நிமிர்ந்தார்.

"நீ வெரலால வழி காட்டினியா?"

"ஆரம்பத்துல மட்டும் சார். அப்பறம் அப்பப்ப."

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். அந்த மனுஷன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"பெருங்காயம் கரைச்ச வெரல். அது எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் எலி போயிருக்குது. ஞாபகம் ஒண்ணும் ஜாஸ்தி ஆவல. உன் வாசனையைப் பிடிச்சிக்கிட்டு நடந்திருக்குது, அவ்வளவுதான்."

"ரெகார்டுல இன்னா சார் எழுதறது?"

"நடந்தத எழுது."

விடுதிக்கு வந்து கட்டிலில் படுத்தேன். கொஞ்ச நேரம் எலிகளுக்காகத்தான் வருத்தப்பட்டேன். அப்புறம் எழுந்து டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன்.

இடப்பக்கம் படித்தேன். வலப்பக்கம் படித்தேன். கம்பளி, முதலில் இடப்பக்கத்தில் இருந்தது. ஆறு, இடப்பக்கத்தில். ஆற்றங்கரை, நிலா, படுத்தது, எல்லாம் முதலில் இடப்பக்கத்தில், என் கையெழுத்தில், என் கேள்வியாக இருந்தன. வலப்பக்கத்துக்கு அதற்குப் பிறகுதான் போயிருந்தன. அப்பா அவராகச் சொன்ன ஒரு வார்த்தையைத் தேடினேன். பால் மாதிரி என்பதைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றைக்கே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை டென்னிஸ் ஆடினேன். புதன்கிழமை ரெகார்டு எழுத உட்கார்ந்து ஒரு வரிகூட எழுதாமல் எழுந்தேன். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? நான் தப்பு செய்துவிட்டேன் என்று என் வாயால் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவேளை அப்பா சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் என்று ஒரு நப்பாசை வேறு. அண்ணன் செத்திருக்க வேண்டும் என்று இரண்டு நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். இதை வேறெப்படியும் எழுத முடியவில்லை.

வியாழக்கிழமை அமாவாசை. காலை முதல் வண்டியைப் பிடித்தேன். ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று வண்டி நின்று நின்று போனது. செம்மண்டலம் வந்து சேர்ந்தபோது வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

அண்ணியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலியைக் கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பார்கள். கல்யாணத்தன்று அவள் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள். ஆற்றங்கரைக்குப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

மச்சானை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். எலி, விரல், நோட்டு, எல்லாம் சொன்னேன்.

"இப்ப வந்து சொல்றியேடா" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை டா போட்டதில்லை. "எலிக்கும் எங்க மாமாவுக்கும் இன்னா சம்பந்தம்? நீ கேட்டே, அவருக்கு ஞாபகம் வந்துச்சு, சொன்னாரு."

"வாங்க. காட்டறேன்."

அப்பா நாற்காலியில் இருந்தார். வீட்டில் என்ன கூட்டம் என்று அவருக்குப் புரியவில்லை. விசேஷம் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தார்.

"அப்பா, அந்தக் கம்பளிக்காரன் கையில குடை இருந்துச்சா?"

இதுவரைக்கும் யாரும் குடையைப் பற்றிப் பேசினது கிடையாது. அப்பா யோசித்தார். என்னைப் பார்த்தார்.

"குடை... ஆமா. கிழிஞ்ச குடை."

"இருந்திருக்கும்" என்றார் மச்சான். "குடை இருக்கக் கூடாதா? ஆளு அத்தினி தூரம் வந்திருக்கான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அத்தனை வளையல் அடுக்கினால் மெதுவாக நடந்தாலும் சத்தம் வரும். அண்ணி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எங்களைத் தாண்டிப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தி, வாய் நிறையச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"மாமா, அவரு ஆத்தங்கரையில படுத்தாருல்ல? காலையில எந்திரிச்சு நடந்தாருன்னு தானே அந்த ஆளு சொன்னாரு?"

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். அவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது.

"ஆமாம்மா. எந்திரிச்சான். கம்பளிக்காரன்தான் கையக் குடுத்துத் தூக்கி விட்டானாம். பசிக்குதுன்னானாம்."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணியின் சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத மாதிரி.

பிறகு எழுந்து தலையிலிருந்த பூவை ஒவ்வொரு சரமாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"சாமிக்குப் போட்டுடுங்க. அண்ணே, நீ ஊருக்குக் கெளம்பு."

"எத்தினி நாளைக்கும்மா?"

"தெரியல." என் பக்கம் திரும்பினாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "இனிமே அவர ஒண்ணும் கேக்காதீங்க தம்பி."

கேட்கவில்லை. ஆனால் கேட்காவிட்டாலும் அப்பா சொன்னார். அவர் என்னைப் பார்த்தால் அண்ணன் ஆற்றங்கரையில் எழுந்திருக்க மாட்டான். அண்ணியைப் பார்த்தால் எழுந்து பசிக்கிறது என்பான். மச்சான் எப்போதாவது வந்தால் அண்ணன் திரும்பவும் படுத்துவிடுவான். கிழிந்த குடை இரண்டிலும் வரும். அன்று மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த மனுஷன் நிஜமாகச் சொன்னது அப்பாவுக்குள் அடியில் எங்கேயோ இருந்திருக்கும். ஒருவேளை அதுவாக ஒரு நாள் மேலே வந்திருக்கும். நான் அதன்மேல் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கோடு போட்டுவிட்டேன். பெட்டியை மழை கழுவியது. அப்பாவை எதை வைத்துக் கழுவுவது?

யுத்தம் முடிந்துவிட்டது. பர்மாவிலிருந்து வர வேண்டியவர்கள் பலர் வந்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை. நான் படிப்பை முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் ஆகிவிட்டேன். அண்ணி டிரெயினிங்குக்குப் போகவில்லை. தாலி இருக்கிறது. குங்குமத்தை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்கிறாள்.

போன சனிக்கிழமை போயிருந்தேன். சாயங்காலம் அப்பா நாற்காலியில் இருந்தார். அண்ணி முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முறத்துக்கு வெளிச்சம் போதவில்லையே, இந்தப் பக்கம் திரும்பலாமே என்றேன்.

"தெனமும் இப்படித்தான் தம்பி உக்காருறேன்" என்றாள் தணிந்த குரலில். "யார் மூஞ்சியும் தெரியலன்னா ஒரு நாளு உள்ளதச் சொல்லுவாரு. நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவள் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முறத்தில் அவள் விரல் ஒரு கல்லைத் தொட்டபடி நின்றது. எங்களுக்குப் பின்னால் நாற்காலி முனகியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு ஆளு வந்தான்" என்று ஆரம்பித்தார்.